பேஸ் கிதார் பிக்கப்

பேஸ் கிதாரின் எஃகுத் தந்தி அதிரும் அசைவை மின்னோட்டமாக மாற்றித் தரும் காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். கைவேலையாக ஒன்றிரண்டே செய்யப்படும் உயர்தர வாத்தியங்களை வாங்குவோர் மரத்தின் ஜாதியைக் குறித்தே மணிக்கணக்கில் தர்க்கம் செய்வர் எனினும், நாதத்தின் குணத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை இச்சுருளும் அது பொருந்திய ஸ்தானமுமே. கழுத்துப் பக்கம் அமைந்தால் ஒலி திரண்டு கனக்கும். பிரிட்ஜை நெருங்க நெருங்கக் கறாராகும். செப்புக் கம்பியின் சுற்றுகளைக் கூட்டினால் ஒலி பலக்கும், ஆயின் மேற்சுரங்கள் மங்கும்.

லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் இருந்தது ஒற்றைச் சுருள். 1957இல் அது இரு பாதிகளாகப் பிளக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பெற்றமையால், புறத்திலிருந்து வரும் மின் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. 1960இல் வந்த ஜாஸ் பேஸின் இரு சுருள்களும் சம அளவில் திறந்திருக்கும்வரை அதே நன்மையைத் தரும். ஒன்றைக் குறைத்த கணமே இரைச்சல் தலைதூக்கும்.

தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் விம்கோ நகரைப் போன்று, ஆலைகளும் மின்மாற்றிகளும் மின்ரயில் கம்பிகளும் நெருங்கிய வடசென்னைப் பகுதியில், அதிலும் திருவிழாப் பந்தலில் சீரியல் விளக்குகளுக்கு நடுவே மெல்லிசைக் கச்சேரி செய்பவருக்கு, இது அலட்சியப்படுத்தத் தக்க விஷயமன்று. நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வு விநாடிக்கு 50. பேஸின் தடித்த தந்தியில் மூன்றாம் கட்டத்தில் பிறக்கும் ஸ்வரத்தின் அதிர்வு 49. அது ஐந்து கட்டைச் சுருதியின் கீழ் ஸ்தாயி ஷட்ஜமே ஆகையால், பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடும்போது இரைச்சல் சுருதியோடு ஒட்டியும் ஒட்டாமலும் விநாடிக்கொரு முறை அலைமோதும். 60 அதிர்வு மின்சாரமுள்ள அமெரிக்காவில் இந்தச் சங்கடம் இதே ஸ்வரத்தில் நேராது. ஆதலால் இங்கே ஒற்றைச் சுருளின் தெளிவை விரும்புவோரும் இரட்டைச் சுருளையோ பிளந்த சுருளையோ நாடுவது விவேகம்.

டோன் விஷயத்தில் தமிழ்த் திரையிசை நல்ல ஆசான். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸும் வாசித்த பேஸ், தாளத்துக்குத் துணை நிற்பதோடு அமையாது, பல இடங்களில் இரண்டாவது மெட்டாகவே நடக்கிறது. திறந்த அடித்தந்தியின் 41 அதிர்வைச் சிறிய ஒலிபெருக்கி எழுப்பவல்லதன்று; அதன் மேற்சுரங்களைக் கேட்டே செவி அடிநாதத்தை ஊகித்துக்கொள்கிறது. எனவே டோன் திருகை முழுதும் மூடி, வெறும் கனத்தை நம்புவோரின் வாசிப்பு டீக்கடை வானொலியில் காணாமற்போகும். மத்திம அதிர்வுகளைச் சற்றுத் தூக்கி வைத்தல் நலம்.

1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போன்றவற்றில், 9 வோல்ட் பாட்டரியால் இயங்கும் முன்பெருக்கி இவ்வேலையை எளிதாக்குகிறது. இவ்வகை வாத்தியங்களில் பெரும்பாலும் ஒயரைச் செருகுவதே பாட்டரிக்குச் சுவிட்சு ஆகையால், ஒத்திகை முடிந்ததும் அதைப் பிடுங்கி வைக்க வேண்டும்.