இரண்டாவது கட்டுரை

அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கட்டுரைப் போட்டி நடக்காத காலனி அணைக்கட்டு வட்டாரத்தில் குறைவு. எழுதிய பிள்ளைக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒரு சான்றிதழ், மேடையில் கைத்தட்டல். அதன்பிறகு அடுத்த ஏப்ரல்வரை அந்தப் பிள்ளை என்ன எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. போட்டி நடத்துகிற நாமும் கேட்பதில்லை.

பிள்ளைகளை எழுதவைப்பது எப்படி என்று பேசும்போதெல்லாம் நாம் முதல் கட்டுரையைப் பற்றித்தான் பேசுகிறோம். வரலாற்றைப் பார்த்தால் நாம் கோட்டைவிட்ட இடம் இரண்டாவது கட்டுரை.

1855இல் புனேயில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஜோதிராவ் பூலேவும் சாவித்ரிபாயும் நடத்திய பள்ளியில் முக்தா சால்வே என்ற மாங் சமூகச் சிறுமி படித்தாள். வயது சுமார் பதினான்கு. பள்ளிக்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மாங், மஹார் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் மராத்தியில் எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ என்ற மிஷனரி இதழில் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. இந்தியாவில் தலித் பெண் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் கட்டுரைகளில் ஒன்று அது. வகுப்பறையில் பிறந்த கட்டுரை என்பதை மறந்துவிடக் கூடாது.

அதில் என்ன எழுதினாள்? வேதம் எங்களுடையது, வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது என்று பிராமணர்கள் சொல்வார்களானால், வேதமில்லாத எங்களுக்கு எந்த மதம் என்று கேட்டாள். பேஷ்வா ஆட்சியில் உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னால் நடந்துபோன குற்றத்துக்காக மாங், மஹார்களின் தலையை வெட்டி, அதைப் பந்தாகவும் வாளை மட்டையாகவும் வைத்து விளையாடியதைச் சொன்னாள். கூரைகூட இல்லாத இடத்தில் குளிரிலும் மழையிலும் பிள்ளை பெறுகிற தன் சமூகத்துப் பெண்களைப் பற்றி எழுதினாள். கடைசியாகத் தன் மக்களைப் பார்த்துப் படியுங்கள் என்றாள். பசுவைப் பற்றி எழுது, மழைக்காலத்தைப் பற்றி எழுது என்று சொல்லும் ஆசிரியரிடமிருந்து இப்படியொரு கட்டுரை வந்திருக்காது. கேள்வி கேட்கலாம், உன் தெருவைப் பற்றி எழுதலாம், எழுதியதை அச்சுக்கு அனுப்பலாம் என்று அந்தப் பள்ளி அவளிடம் ஏதோவொரு வகையில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் முக்தா எழுதியதாக இன்று நம் கையில் இருப்பது அந்த ஒரே கட்டுரைதான். அவ்வளவு கூர்மையாக எழுதத் தொடங்கிய ஒருத்தியின் அடுத்த பக்கம் நம்மிடம் இல்லை. முக்தாவைக் கொண்டாடும் தோழர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

இதற்கு நேர்மாறான அனுபவம் தமிழில் இருக்கிறது, அதுவும் நம் மாவட்டத்தோடு தொடர்புடையது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். நான்கே பக்கம். மறுவருடம் வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் ‘தமிழன்’ ஆனது. பெயரை மாற்றும்படி கேட்கிற அளவுக்கு வாசகருக்கு அதில் உரிமை இருந்தது என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி. பழைய வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன நம் முன்னோர்கள் அதைப் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். திருப்பத்தூர் ஏ.பி. பெரியசாமிப் புலவர் போன்றவர்கள் எழுதினார்கள். வாசகர்கள் கேள்வி அனுப்பினார்கள், பண்டிதர் பதில் எழுதினார்.

வாரப் பத்திரிகைக்கு வாராவாரம் விஷயம் வேண்டும். ஒரு முறை எழுதி அனுப்பியவருக்கு அடுத்த புதன்கிழமையும் ஒரு இடம் காத்திருந்தது. எழுத்துப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் ஒரு தலைமுறையை எழுதவைத்தது அந்தக் காத்திருப்புதான். 1914இல் பண்டிதர் இறந்த பிறகும் அந்தச் சங்கிலி முழுதாக அறவில்லை. பின்னாளில் ஜி. அப்பாதுரையார் கோலாரிலிருந்து ‘தமிழன்’ இதழை மீண்டும் கொண்டுவந்தார்.

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவின் கதையும் இதுதான். முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சொல்லி அவமானப்படுத்தியதால் பள்ளியைவிட்டு வெளியேறியவர். 1966இல் ‘மல்லிகை’ மாத இதழைத் தொடங்கி, சலூனையே இதழின் அலுவலகமாக்கி, பிரதிகளைத் தானே தெருவில் சுமந்து விற்று, பல பத்தாண்டுகள் நடத்தினார். எத்தனையோ இளம் எழுத்தாளர்களின் முதல் கதையும் அடுத்தடுத்த கதைகளும் அதில் வந்தன. வகுப்பறை துரத்திய ஒருவர் நடத்திய வகுப்பறை என்றே அதைச் சொல்லலாம்.

அப்படியானால் பள்ளி, கல்லூரிக்குள் இது நடக்கவே நடக்காதா? நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்த பெருமாள்முருகன் ‘கூடு’ என்ற சந்திப்பில் தன் மாணவர்களையும் நண்பர்களையும் சாதி அனுபவங்களை எழுதவைத்தார். அந்த 32 கட்டுரைகளும் 2013இல் ‘சாதியும் நானும்’ என்று புத்தகமாயின. அதில் முக்கியமானது, தலித் மாணவர்கள் மட்டுமல்ல, பிற சாதி மாணவர்களும் தங்கள் சாதியைப் பற்றி எழுத வேண்டியிருந்தது என்பது. நம் பிள்ளைகளிடம் எப்போதும் காயத்தை மட்டும் கேட்கிறார்கள். ‘உனக்கு நடந்த கொடுமையை எழுது’ என்று ஒருமுறை கேட்டு, உருகி, பரிசும் கொடுத்துவிடுகிறார்கள். எழுதிய பிள்ளைக்கு அடுத்து என்ன எழுதுவது என்று தெரிவதில்லை, இன்னொரு காயத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தெருவின் இந்தப் பக்கத்தில் இருப்பவன்தான் சாதியைப் பற்றி எழுத வேண்டும் என்ற எழுதாத விதியை நாமக்கல் மாணவர்கள் உடைத்தார்கள். நம் கூட்டங்கள் இன்னும் உடைக்கவில்லை.

பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவன் ஒரு பள்ளி ஆசிரியர். 2001இல் வந்த ‘தகப்பன் கொடி’யை எழுதியவர் நம் மாவட்டத்து வகுப்பறையில் நின்று பாடம் நடத்துகிறவர் என்று சொன்னால் இங்குள்ள பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. அரசுப் பள்ளிகளுக்கென்று 2022இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் வந்தன. நல்லது. ஆனால் மாநிலம் முழுவதற்குமான இதழில் ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை இடம் கிடைக்கும்?

அதனால் அணைக்கட்டில் எங்கள் மாலை வகுப்பில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. போட்டியை நிறுத்தினோம். மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை, எட்டுப் பக்கம், ஒரே பிரதி. அது வீடு வீடாகச் சுற்றி, கடைசிப் பக்கத்தில் படித்தவர்களின் கையெழுத்தோடு திரும்பிவரும். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகளுக்குப் பேத்திகள் வாசித்துக் காட்டுகிறார்கள், பாட்டியின் கருத்தைப் பேத்தியே எழுதுகிறாள். முதல் வாசிப்பில் சிவப்பு மை கிடையாது. ‘எங்கம்மா கம்பெனிக்குப் போய்க்கினு கீறாங்க’ என்று எழுதினால் அப்படியே போகும். எழுத்துப் பிழையைப் பிறகு உட்கார்ந்து திருத்துவோம், மொழியைத் திருத்த மாட்டோம். பரீட்சைத் தமிழ் எது, வீட்டுத் தமிழ் எது என்று பிள்ளைகளுக்கே நன்றாகத் தெரியும்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதலில் எழுதியது, ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் அம்மாவின் விரலில் ஊசி ஏறியதைப் பற்றி. எல்லோரும் அழுதார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றோம். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸை வழியனுப்ப வரும் நாயைப் பற்றி எழுதினாள். பஸ் போன பிறகு அது எங்கே போகிறது என்பதை அடுத்த இதழில் சொல்வதாகப் போட்டிருக்கிறாள். இரண்டு வீட்டிலிருந்து இப்போதே கேட்டுவிட்டார்கள்.