கழிவுநீர் வரம்புகளும் வற்றும் ஏரிகளும்: திருவண்ணாமலையை முன்வைத்து

சுத்திகரித்த கழிவுநீருக்கான வரம்பு, அதனை ஏற்கும் நீரின் அளவைக் கொண்டே முதலில் வகுக்கப்பட்டது. பிரித்தானிய அரச ஆணையம் 1912ஆம் ஆண்டின் எட்டாம் அறிக்கையில், உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை இன்றைய அலகில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என வரையறுத்தது. 2 மில்லிகிராம் அளவுடைய எட்டுப் பங்கு ஆற்றுநீரில் 20 அளவுடைய ஒரு பங்கு கழிவுநீர் கலப்பின், கலவை 4ஐக் கடவாது என்பதே அதன் கணக்கு.

இந்தியாவில் 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இக்கட்டுப்பாட்டுக்கு வழிவகுத்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. நடுவணரசின் 2017ஆம் ஆண்டு அறிவிக்கை பெருநகரங்களுக்கு 20, பிற ஊர்களுக்கு 30 எனப் பிரித்தது. ஊரின் தகுதி அளவுகோலாயிற்று. ஏற்கும் நீர்நிலை கணக்கில் வரவில்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இவ்வேறுபாட்டை ஏற்காது, எங்கும் 10 என ஆணையிட்டது.

கார்த்திகைத் தீபத்தன்று பல லட்சம் அடியார் கூடும் திருவண்ணாமலை, 2017ஆம் ஆண்டு விதிப்படி 30க்குரிய ஊராகும். நகரையொட்டி வற்றாத ஆறு இல்லை; மழைநீர் ஏரிகளிலேயே தங்குகிறது. கோடையில் கழிவுநீர் மட்டுமே சேரும் ஏரியில், வரம்பே ஏரிநீரின் தரமாகிவிடும். எனவே எட்டுப் பங்கு நீரை நம்பிய பழைய கணக்கு இங்குப் பொருந்தாது. சிறுநகரத் தளர்வும் பொருந்தாது. ஆலையை விரிவாக்கும்போது வரம்பை முடிவு செய்ய வேண்டுவன, திருவிழாநாளின் சுமையும் ஏரியின் கோடைக்கால நீரிருப்புமே.