ஊர் நடுவில் பேரங்காடி: இங்கிலாந்தின் சிற்றூர் எதிர்ப்புகளும் திட்ட அனுமதிச் சட்டமும்

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் கடைத்தெருவுக்குள் பேரங்காடி வருவதை ஊரார் எதிர்த்தால், அந்த வழக்கைத் தீர்ப்பது சந்தை அன்று; திட்ட அனுமதிச் சட்டம். 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் வந்தது முதல், தன் நிலமே ஆனாலும் உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் அதில் பெரிதாக எதையும் கட்ட முடியாது. அனுமதி கோரும் மனு மாவட்ட மன்றத்துக்கு வரும். ஊரார் தங்கள் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் நிலப் பயன்பாட்டைச் சார்ந்த காரணங்களை மட்டுமே மன்றம் கணக்கில் எடுக்கும். லாரிப் போக்குவரத்து, கட்டடத்தின் உயரம், வண்டி நிறுத்தும் இடம், இரைச்சல், மழைநீர் வடிகால் ஆகியவை செல்லுபடியாகும். தன் வியாபாரம் படுத்துவிடும் என்று இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் சொல்வது செல்லாது. கடையை நடத்தப்போவது எந்த நிறுவனம் என்பதும் பொதுவாகக் கேள்விக்கு அப்பாற்பட்டது.

இதனால் எதிர்ப்பு மனுக்கள் சாலைப் பொறியாளர் எழுதியவை போல அமைந்துவிடுகின்றன. ஊர்க்காசு ஊருக்குள் சுழலுமா, ஒரே நிறுவனத்தை நம்பி ஊர் வாழ வேண்டிவருமா என்பதே மக்களின் உண்மையான கவலை. அதைச் சொல்ல இடமில்லாததால் வண்டி நெரிசலைப் பேசுகிறார்கள். பிறகு நிறுவனம் ஒரு போக்குவரத்து விளக்கை அமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டதும் அவர்களுடைய வாதம் கரைந்துபோகிறது. இந்தப் பலவீனத்துக்கு எதிர்ப்பாளர்களைக் குறை சொல்வது எளிது. குறை பெரும்பாலும் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது.

1980களில் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரங்களில் பெருங்கடைகள் பெருகின. பழைய கடைத்தெருக்கள் வாடத் தொடங்கியபின் அரசின் கொள்கை திரும்பியது. 1996இல் திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டுதல் ‘மையம் முதலில்’ என்ற வரிசை முறையை வலுவாக நிறுவியது: கடை கட்ட முதலில் ஊர் மையத்தில் இடம் தேட வேண்டும், இல்லையென்றால் மையத்தின் விளிம்பில், கடைசியாகத்தான் வெளியே. 1998இல் சுற்றுச்சூழல், போக்குவரத்து, வட்டாரத் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, பெரிய உணவுக் கடை வந்தபின் மையத்தின் முக்கிய உணவுக் கடைகளுடைய சந்தைப் பங்கு 13 முதல் 50 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. 2012இன் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகமும் வரிசை முறையைத் தக்கவைத்தது. அதனுடன், உள்ளூர் அளவுகோல் வேறாக இல்லாத இடங்களில், 2,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளுக்கு, ஊர் மையத்துக்கு வரும் பாதிப்பை அளக்கும் தாக்க மதிப்பீடும் கேட்டது.

இவ்விரு சோதனைகளும் மையத்துக்கு வெளியே வரும் கடைகளுக்கு மட்டுமே உரியவை. மையத்தை வெளியிலிருந்து வரும் ஆபத்திலிருந்து காக்க எழுப்பிய மதில், ஆபத்து உள்ளேயே வந்து இறங்கும்போது வந்தவருக்கே அரணாகிறது. ஊர் நடுவில் இடம் பிடித்துவிட்ட நிறுவனம், அரசு கேட்டதைத்தான் செய்கிறோம் என்று நியாயமாகவே சொல்லலாம்.

பக்கிங்ஹாம்ஷரில் உள்ள ஜெரார்ட்ஸ் கிராஸ் இதற்குத் தக்க சான்று. ஊரின் நடுவே ரயில் பாதை ஆழமான வெட்டுப் பள்ளத்தில் ஓடுகிறது. பள்ளத்தின் மேல் கான்கிரீட் வளைவுகள் அமைத்து, மண் நிரப்பி, அந்தச் செயற்கைத் தரையில் கடை கட்டப் பேரங்காடி நிறுவனமான டெஸ்கோ திட்டமிட்டது. காலி நிலமே இல்லாத ஊரின் மையத்தில் நிலத்தை உண்டாக்கும் உத்தி அது. ஊரார் எதிர்த்தார்கள், உள்ளாட்சி மறுத்தது, துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட்டின் கையால் அனுமதி வந்தது. 2005 ஜூன் 30 மாலை, மண் நிரப்பிக்கொண்டிருந்த நிலையில், அந்த வளைவுகளால் உருவான சுரங்கத்தின் ஒரு பகுதி தண்டவாளத்தின் மீது சரிந்தது. எவருக்கும் காயமில்லை. லண்டன் மேரிலபோன் நிலையத்துக்குச் செல்லும் அந்தப் பாதை ஆகஸ்ட் 20 வரை மூடிக் கிடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் கடை வந்தது. 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. காரணம், திட்ட அனுமதி நிலத்தோடு ஒட்டியது. வழங்கிய அனுமதியை உள்ளாட்சி திரும்பப் பெற வேண்டுமானால் இழப்பீடு கொடுக்க வேண்டும், சிறிய மாவட்ட மன்றம் எதுவும் அந்தச் சுமையை எளிதில் ஏற்காது.

நார்ஃபோக் கடற்கரையில் ஏறத்தாழ 7,000 பேர் வாழும் ஷெரிங்கத்தில் போராட்டம் 1990களின் நடுவில் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் நீண்டது. அங்கே டெஸ்கோவுக்கு எதிராக, உள்ளூர் உணவையும் பசுமைக் கட்டுமானத்தையும் முன்வைத்து ஒரு போட்டித் திட்டமே எழுந்தது. அதன் இடம் ஊருக்குச் சற்று வெளியே இருந்ததால் வரிசை முறை அதற்குப் பாதகமானது. 2010இல் மாவட்ட மன்றக் குழு முதலில் போட்டித் திட்டத்தின் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் டெஸ்கோவுக்கே அனுமதி தந்தது. கடை 2013இல் திறந்தது. பதினான்கு ஆண்டுக் காலதாமதத்தை வெற்றி என்று கொள்வோரும் உண்டு. பழைய கடைகளுக்கு அது கூடுதல் ஆயுள்தான் என்பதை மறுக்க முடியாது.

எதிர்ப்பு தன் கவலையைச் சட்டத்தின் மொழிக்குள்ளேயே கொண்டுவந்து வென்ற இடம் சஃபோக்கின் சாக்ஸ்மண்டம். 1990களின் இறுதியில் அங்கே பேரங்காடித் திட்டம் வந்தபோது, அப்பகுதி விவசாயியான கரோலைன் கிரான்புரூக் வீதி வீதியாகக் கணக்கெடுத்தார். சுற்றுவட்டாரச் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் இருந்த 81 உணவுக் கடைகள் 295 உள்ளூர், வட்டார உற்பத்தியாளர்களிடம் சரக்கு வாங்குவதைக் கண்டார். கோழிப்பண்ணை, பன்றி வளர்ப்பு, ரொட்டிக் கடை, பால் பதனிடும் கொட்டகை ஆகியவை ஒன்றையொன்று தாங்கி நின்றன. புதிதாகத் தொழில் தொடங்குபவர் தன் முதல் சரக்கைச் சிறு கடையில்தான் கொடுக்க முடியும். பேரங்காடியின் கொள்முதல் கிடங்கு அவரை ஏறெடுத்தும் பார்க்காது. அந்தக் கணக்கெடுப்பின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். ‘என் கடை போய்விடும்’ என்ற புலம்பல் அங்கே ‘ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம் அறுந்துவிடும்’ என்ற ஆதாரமாக மாறியது. திட்டம் அப்போது நிறைவேறவில்லை. பின்னாளில் சாக்ஸ்மண்டத்திலேயே டெஸ்கோவும் வெயிட்ரோஸும் கடை திறந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பாளர்கள் ஊர் முழுவதற்கும் குரல் கொடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதும் சரியன்று. கூட்டத்துக்கு வந்து பேசவும் நீண்ட கடிதம் எழுதவும் ஓய்வும் படிப்பும் வேண்டும். வண்டியில்லாத முதியவர், வாரக் கூலியில் குடும்பம் நடத்துபவர், பக்கத்து நகரத்துக்குப் பேருந்தில் போய்ச் சரக்கு சுமந்து வருபவர் ஆகியோருக்கு ஊர் நடுவில் மலிவான கடை ஒரு வரவு. அவர்கள் பெரும்பாலும் மனு எழுதுவதில்லை. மறுப்புக் கடிதங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஊரின் மனத்தை அளப்பது பிழையான அளவை.

ஆனாலும் இரு தரப்பின் வலிமையும் சமமில்லை. அனுமதி மறுக்கப்பட்டால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். மீண்டும் புது மனுவும் போடலாம். அனுமதி வழங்கப்பட்டால் ஊராருக்கு மேல்முறையீடு கிடையாது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டும் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கும் கைப்பணம் வேண்டும். அயர்லாந்துச் சட்டம் மூன்றாம் தரப்பினருக்கும் மேல்முறையீட்டு உரிமை தருகிறது. அதனால் அங்கே கட்டுமானம் நின்றுவிடவில்லை.

கடைகளின் வரவைக் கடைசியில் நிறுத்தியது ஊரார் அல்லர். 2015 ஜனவரியில், லாபம் சரிந்த நிலையில், டெஸ்கோ தானே 49 புதுக்கடைத் திட்டங்களைக் கைவிட்டது. ஊர்களின் எதிர்காலம் ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டைப் பொறுத்து அமைவதே எதிர்ப்பாளர்களின் அடிப்படைப் புகார். சட்டம் அதைக் கேட்க மறுத்ததைத்தான் இந்நிகழ்ச்சி காட்டுகிறது. எனவே ஊர் மையத்தில் வரும் பெரிய கடைக்கும் தாக்க மதிப்பீடு வேண்டும். அதில் சாக்ஸ்மண்டத்தில் எடுத்ததைப் போன்ற கொள்முதல் கணக்கும் சேர வேண்டும். ஒரே நிறுவனம் ஒரு வட்டாரத்தை வளைத்துக்கொள்வதைத் தடுக்க, அனுமதி முறையில் போட்டிச் சோதனை ஒன்றைச் சேர்க்குமாறு போட்டி ஆணையம் 2008இல் பரிந்துரைத்தது. டெஸ்கோவின் முறையீட்டால் தீர்ப்பாயத்தில் அது தடுக்கப்பட்டது. ஆணையம் 2009இல் மீண்டும் பரிந்துரைத்தது. அரசு அதை நடைமுறைப்படுத்தவில்லை.