கோயில் மணியும் ஜைரோவும்

பெரிய வெண்கல மணியை அடித்துவிட்டுக் கொஞ்சம் காது கொடுத்துப் பாருங்கள். ஓசை நேராகப் போகாமல் "வ்வோம்... வ்வோம்..." என்று ஏறி இறங்கும். திருவொற்றியூர் கோயில் பக்கமோ ராயபுரம் சர்ச் பக்கமோ வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மணியின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. அதனால் மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கின்றன. வார்ப்பின் குறைதான், ஆனால் கேட்க அழகு!

1890ல் ஜி. எச். பிரையன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வேறொன்றைக் கவனித்தார். சுத்தமாக ஒரே சுருதியில் ஒலிக்கும் கண்ணாடிக் கோப்பையைக்கூட, ஒலிக்கும்போதே சுழற்றினால் அதே ஏற்ற இறக்கம் வருகிறது. அதிர்வின் வடிவம் கோப்பையோடு முழுசாகச் சுற்றாமல் பின்தங்குவதுதான் காரணம். அரைக்கோளக் கிண்ணத்தை 90 டிகிரி திருப்பினால் அதிர்வு ஏறக்குறைய 27 டிகிரி பின்தங்கும். அதை அளந்தால் எவ்வளவு திரும்பினோம் என்று தெரிந்துவிடும். சுழலும் சக்கரமே இல்லாத ஜைரோ!

இந்த யோசனை கருவியாவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. குவார்ட்ஸ் கிண்ணத்தில் செய்தவை 1997ல் கிளம்பிய காசினி விண்கலத்தோடு சனி கிரகம் வரை போயின. குவார்ட்ஸ் விலை அதிகம், செய்வதும் கஷ்டம். 1980களில் மார்க்கோனி நிறுவனம் உலோக உருளையில் முயன்றது. காமர்ஸ் மாணவனுக்கு விலை என்றதும் ஆர்வம் வருவது இயற்கைதானே :-)

ஆனால் உலோகத்தில் மணியின் குறை திரும்ப வந்து நிற்கிறது. உருளை சுழன்றதால் வந்த மாற்றமா, வார்ப்பின் குறையால் வந்ததா என்று கருவிக்குத் தெரியாது. குறையையும் சுழற்சியாகவே கணக்கில் எழுதிவிடும். லெட்ஜரில் தப்பான ஓபனிங் பேலன்ஸ் மாதிரி, பிழை பக்கத்துக்குப் பக்கம் போகும்.

ஒரு கணக்கு போட்டேன். ஜிபிஎஸ் கிடைக்காமல், காசிமேட்டிலிருந்து ஒரு படகு 15 கி.மீ. வேகத்தில் இந்த ஜைரோவை மட்டும் நம்பிப் போகிறது. பிழை மணிக்கு 1 டிகிரி என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் சுமார் 130 மீட்டர்தான் விலகும். பத்து மணி நேரத்தில்? 13 கி.மீ.! நேரம் பத்து மடங்கு, விலகல் நூறு மடங்கு.

இதைக் குறைக்க முதல் வேலை, விளிம்பில் இடம் பார்த்துத் துளித்துளியாக உலோகத்தைச் சீவி இரண்டு சுருதியையும் ஒன்றாக்குவது. அடுத்தது வெப்பம். சூடானால் உலோகத்தின் விறைப்பு குறையும், சுருதி இறங்கும். இதற்கு எலின்வார் வகை நிக்கல் கலவை உதவுகிறது. கைக்கடிகாரச் சுருள்வில்லுக்காக வந்தது அது. கண்டுபிடித்த கில்லோம் 1920ல் நோபல் பரிசு வாங்கினார்.

அதிர்வு அடங்கும் வேகமும் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. இதைச் சீவிச் சரிசெய்வது முடியாத காரியம். அதனால் அதிர்வின் திசையை மின்சுற்றால் அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஒரு திசையில் கூடுதலாக வந்த பிழை மறு திசையில் குறைவாக வரும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால், பற்றும் வரவும் மாதிரி பெரும்பாலும் நேராகிவிடும்.