பெட்டி முதலா, மென்பொருள் முதலா?

போன லீவில் பாலக்காட்டில் பாட்டி பாடியதை மகன் செல்போனில் பதிந்து வந்தான். இப்போது அதற்கு இசை சேர்க்க வீட்டிலேயே ஸ்டூடியோ வேண்டுமாம். வங்கிக்காரன் இல்லையா, பழைய கணக்கைப் புரட்டினேன்.

எங்க பக்கத்து எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.வி. மெட்டமைக்க ஆர்மோனியம் போதும். பதியப் பெரிய ஸ்டூடியோ வேண்டும். 1983-ல் மிடி வந்ததும் கீபோர்டும் கணினியும் ஒரே பாஷை பேசின. 1985-ல் வந்த அடாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்பு கூடவே இருந்தது. 1989-ல் ரஹ்மான் சென்னையில் வீட்டோடு ஸ்டூடியோ அமைத்தார், 1992-ல் 'ரோஜா'.

அடுத்ததுதான் பாடம். 2002-ல் லாஜிக் மென்பொருளைத் தயாரித்த இமேஜிக் கம்பெனியை ஆப்பிள் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. விண்டோஸ்காரர்கள் பெட்டியை மாற்றணும், இல்லை மென்பொருளை மாற்றணும்.

அதனால் முதலில் மென்பொருளை முடிவு செய்யுங்கள், பிறகு பெட்டி. ரீப்பர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஆடாசிட்டி இலவசம். மிச்சக் காசில் நல்ல மைக்.

எதில் செய்தாலும் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் ஃபைலாகத் தனியே சேமியுங்கள். மென்பொருள் போனாலும் பாட்டி குரல் இருக்கணுமே!