தண்டு இல்லாத அம்புகள்

அருங்காட்சியகங்களில் அம்பு என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பதெல்லாம் அம்பின் மூக்கு மட்டும்தான். ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த இரும்புச் சாமான்களில் ஈட்டி, வாள், அம்பு எல்லாம் உண்டு. அம்பு என்றால் துருப்பிடித்த முனை. அதைத் தாங்கிய தண்டு எங்கே, அது என்ன மரம், எவன் சீவினான் என்று கேட்பாரில்லை. எங்கள் குடும்பம் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்தில் தலைமுறையாக உளி பிடிக்கிற குடும்பம். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. முனையைக் கொல்லன் ஒரு பொழுதில் பத்து அடித்துவிடுவான். நேராகப் பறக்கிற ஒரு தண்டுக்கு ஒரு பருவமே காத்திருக்க வேண்டும்.

தண்டு கிடைக்காததற்குக் காரணம் தெரிந்ததுதான். நம் மண் ஆறு மாதம் நனைகிறது, ஆறு மாதம் காய்கிறது, நடுவில் கரையான். வேடிக்கை என்னவென்றால், இதே மண்ணில்தான் சாத்தனூர் கல்மரம் கிடக்கிறது. 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன அந்த மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம். சுமார் 12 கோடி வருடத்துக்கு முன் கடலுக்கு அடித்துவரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லாகிப் போனது. 12 கோடி வருடத்து மரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், சோழர் காலத்து அம்புத் தண்டு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது என்பது எங்கள் மாவட்டத்து நிலைமை.

மற்ற இடங்களில் பனியும் சேறும் தச்சனுக்கு உதவியிருக்கின்றன. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ‘ஓட்ஸி’ என்கிற 5,300 வருடத்து மனிதனின் தூணியில் 14 தண்டுகள் இருந்தன. அதில் இரண்டுதான் முனையும் இறகும் வைத்து முடிந்த அம்பு. மீதி 12 அரைகுறை வேலை. அந்தப் பன்னிரண்டைப் பற்றிப் படித்தபோது, செத்தவன் வேடன் மட்டுமல்ல, கையில் வேலை பாக்கி வைத்திருந்த ஆசாரியும்தான் என்று தோன்றியது. இங்கிலாந்தில் 1545இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ கப்பலைக் கடற்சேறு மூடிக் காத்தது. அதிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட மர அம்புகள் வந்தன; பெரும்பாலும் பாப்லர் மரம். இலங்கையில் ஃபாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் 48,000 வருடப் பழமை என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குரங்கும் அணிலும் அடிக்க அம்பில் பூட்டிய முனைகளாம். அங்கேயும் தண்டு போய்விட்டது.

அப்படியானால் நம் பக்கத்து அம்பு எதனால் ஆனது? ‘மர அம்பு’ என்று சொன்னாலும், நம் நாட்டில் பெரும்பாலும் அது மரத்தை அறுத்துச் சீவியது அல்ல. நாணலும் மூங்கிலும்தான். மருதையாற்றுக் கரையிலும் வெள்ளாற்றுக் கரையிலும் இன்றும் நாணல் நிற்கிறது. ஐப்பசி மழையோடு வெள்ளையாகப் பூத்து, பூ உதிர்ந்து, தட்டை மஞ்சள் பட்ட பிறகு தை மாதத்தில் வெட்ட வேண்டும். முன்னாடி வெட்டினால் காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும். கட்டாகக் கட்டி, நிழலில், பரண் மேல் போட்டு வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

நிமிர்த்துகிற வேலைதான் வேலை. காய்ந்த தட்டையை அடுப்புக் கங்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் உருட்டிக்கொண்டே காட்டுவேன். சூடு ஏறினால் தோல் லேசாக மினுங்கும், கரும்புப்பாகு வாடை வரும். அந்த நேரத்தில் எடுத்துத் தொடையில் வைத்துக் கோணல் இருக்கும் பக்கத்துக்கு எதிராக அழுத்திப் பிடித்து, ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. ஒரு கணுவை நிமிர்த்தினால் அடுத்த கணு கோணும். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து அடிவரை பார்ப்பது, சமமான கல்மேல் உருட்டுவது, மறுபடியும் கங்கு. கணுவைக் கத்தியால் சுரண்டி, அரத்தால் தேய்த்துச் சமன் செய்த பிறகு, முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் கடின மரக்குச்சி ஒன்றைச் செருகிக் கட்டுவேன். நாணல் எடை போதாது. மூக்குக் கனத்தால்தான் அம்பு தடுமாறாமல் போகும். பின்பக்கம் நாணில் மாட்டும் வெட்டு. அது பிளந்துவிடாமல் கீழே நூல் சுற்று. இறகுக்கு இப்போது பஞ்சமில்லை, மக்காச்சோளக் கொல்லையெல்லாம் மயில்தான். உதிர்ந்ததைப் பொறுக்கினால் போதும். கருவேலம் பிசின் வைத்து ஒட்டி, இரண்டு முனையிலும் நூலால் இறுக்க வேண்டும். வில்லின் நாணுக்குக்கூடக் காட்டில் மருள் செடி இருந்தது. அதன் நாரின் வலுவைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்களும் அதற்கு வில்நாண் சணல் என்று பெயர் வைத்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு நேராக்குகிறோம். வள்ளுவரும் 279ஆம் குறளில் அம்பு நேராக இருந்தும் கொடியது, யாழ் வளைந்திருந்தும் இனியது என்கிறார். ஆனால் வில்லை விட்டுக் கிளம்பிய அம்பு நேராகவா இருக்கிறது? இல்லை. சாதாரண வில்லில் அம்பு பிடிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் கனம் தடுக்கும், நடுத்தண்டு வளையும். வளைந்து வில்லைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் வளைந்து, கெண்டை மீன் போல உடம்பை இப்படியும் அப்படியும் நெளித்துக்கொண்டுதான் போகும். இதை அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பொறியாளர் அதிவேகக் கேமரா வைத்துப் படம்பிடித்துக் காட்டினார். தண்டு விறைப்பாக இருந்தால் வில்லில் இடித்து ஒருபக்கம் ஓடும். தொய்வாக இருந்தால் அலையும். வில்லின் பலத்துக்கு ஏற்ற வளைவு தண்டில் இருக்க வேண்டும். அங்கே மரத்தண்டை 26 அங்குல இடைவெளியில் இரண்டு முனையும் தாங்க வைத்து, நடுவில் 2 பவுண்டு எடை தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளந்து தரம் பிரிப்பார்கள். கையில் வளைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார் என் அப்பா. ஆனால் கையைப் பெட்டியில் வைத்து அடுத்தவனுக்கு அனுப்ப முடியாதே, அதனால் அளவுதான் நல்லது.

மர அம்பின் ருசி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஈஸ்டன் என்ற அமெரிக்கர் 1922இல் மர அம்பு செய்துதான் தொழிலைத் தொடங்கினார். 1939இல் அலுமினியக் குழலுக்கு மாறினார். இன்று போட்டிக்காரர்கள் கையில் இருப்பது கார்பன். டஜன் வாங்கினால் பன்னிரண்டும் ஒன்றேபோல் இருக்கும். நாணலிலோ மரத்திலோ பன்னிரண்டு ஒத்த தண்டு வேண்டுமென்றால் ஐம்பது சீவ வேண்டும். அப்படிச் சேர்ந்த பன்னிரண்டிலும் ஒன்று உங்கள் வில்லுக்கு மட்டும் சொன்னபடி கேட்கும். அதை எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளத் தோன்றும். அங்கே ஓரிகன் கரையோரத்து சிடார் மரத்துக்கு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடைந்தால் அந்த மரம் மணக்குமாம்.

நம் பக்கம் இந்தக் கணக்கெல்லாம் ஒரு காலத்தில் பெரிய அளவில் நடந்திருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. அதில் ஒன்று ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’. சீன அதிகாரி சாவ் ஜூகுவா 1225இல் எழுதியபோது, சோழருக்கு அறுபதாயிரம் யானைகள், அவற்றின் முதுகில் வீடுகள், அந்த வீடு நிறைய ஆட்கள், தூரத்தில் அம்பு, பக்கத்தில் ஈட்டி என்று அடுக்குகிறார். எண்ணிக்கை வாய்க்கு வந்தது. யானை மேலிருந்து அம்பு விட்டார்கள் என்பதை நம்பலாம். ஆயிரம் வில்லிக்கு ஆளுக்கு இருபது அம்பு என்று வைத்தாலே இருபதாயிரம் தண்டு. கங்கைகொண்ட சோழபுரம் எங்களுக்குக் கிழக்கே பக்கம்தான். கொள்ளிடக் கரையில் தை மாசம் நாணல் வெட்டியவனுக்குக் கூலி எவ்வளவு என்று எந்தக் கல்வெட்டாவது சொன்னால் நான் அதைப் பூப்போட்டுக் கும்பிடுவேன். 597ஆம் குறளில் உடம்பெல்லாம் அம்பு தைத்தும் தளராமல் நிற்கிற யானையைப் புகழ்கிறார் வள்ளுவர். அத்தனை அம்பும் சீவியவனை யாரும் சொல்லக் காணோம்.

தண்டை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் நடுகல்லைத்தான் பார்க்க வேண்டும். செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் புத்தகமாகப் போட்டது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன், கையில் வில்லும் உடம்பில் தைத்த அம்புமாக நிற்பான். கல்தச்சன் தண்டையும் விடாமல் கொத்தியிருக்கிறான்.

அம்பு எப்போது போர்க்களத்தை விட்டுப் போனது என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு ஊர் சாட்சி. பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம். வாலி வழிபட்ட தலம் என்று ஊர்ப்பேச்சு; வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து அதில் ராமன் பெயரைப் படித்தான் வாலி என்பான் கம்பன். அந்த ஊர்ப் பக்கம், ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றி, 1751இல் நவாப் பட்டத்துக்காகச் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபுறம், முகமது அலியும் இங்கிலீஷ்காரர்களும் மறுபுறமாக நின்றார்கள். பேசியது பீரங்கி. வெள்ளைக்காரன் புத்தகத்தில் அது வால்கொண்டா சண்டை. அதற்குப் பிறகு இங்கே வில்லைப் பிடித்துச் சண்டைக்குப் போனதாகப் பேச்சில்லை.

வேட்டையில் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்த பிறகு அதுவும் படிப்படியாக முடிந்தது. முயலை அடித்தாலும் வழக்குதான், அது நியாயமும்கூட. எங்கள் முள்ளுக்காட்டில் மிச்சமிருப்பதே கொஞ்சம். மேற்கே பச்சைமலையைத் தாண்டினால் கொல்லிமலை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே அம்பு ஊடுருவிப் போனதாகப் புறநானூறு சொல்கிற வல்வில் ஓரியின் மலை. ஆடி மாதத்தில் அரசாங்கம் அங்கே ஓரி விழா நடத்துகிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. ஐந்து மிருகத்தைத் துளைத்த தண்டு எந்த மரம் என்று நான் யோசிப்பது தொழில் புத்தி.

இப்போது அம்பு பிழைத்திருப்பது சாமியிடமும் கூத்திலும்தான். விஜயதசமி அன்று ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்குப் போய் அம்பு போடுவார். நிறைய ஊர்க் கோயில்களில் வன்னி மரத்திலோ வாழை மரத்திலோ அம்பு போடுவதும் பாரிவேட்டையும் நடக்கின்றன. அந்த அம்பு நாலு திக்கிலும் விழுந்தால் போதும், நேராகப் போக வேண்டியதில்லை. மூங்கில் சிம்பு போதும்.

கூத்து அம்பு இன்னொரு ரகம். எங்கள் பக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் வில் வளைப்பு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் மூன்றுக்கும் அப்பாதான் வில்லும் அம்பும் செய்து கொடுப்பார். வில்லுக்குக் கல்யாண முருங்கை, அம்புக்கு வெப்பாலை. இரண்டும் கை வலிக்காத மரம். நாணலில் நல்ல அம்பாக ஒன்று செய்து ஒருமுறை அவர் கூத்து வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் அதை விரலில் வைத்து நிறுத்துப் பார்த்தார், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார், நேர்த்தியை மெச்சினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஆசாரியாரே, இது பறக்குற அம்பு. எனக்குப் பறக்க வேணாம். கடைசி வரிசையில சுருட்டு குடிச்சிக்கிட்டு இருக்கிறவன் கண்ணுக்குத் தெரியணும். கட்டைவிரல் தடிப்புக்குப் போடுங்க, மஞ்சள் வர்ணம் அடிங்க.”

அப்பா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் வெப்பாலைக் கட்டையை எடுத்து, வாத்தியார் கேட்ட தடிப்புக்கே இழைத்துக் கொடுத்தார். நாணல் அம்பை நான் எடுத்துக்கொண்டேன்.