ஈக்கு யார் டாக்டர்?

அழுகின பழத்துலயே பொறந்து வளர்ற பழ ஈக்கு நம்மள மாதிரி ஆன்டிபாடி கிடையாதுங்க. அப்புறம் எப்படிப் பொழைக்குது?

இந்தக் கேள்வியை வருஷக்கணக்கா துரத்தினவர் ஸ்வீடன்காரரான ஹான்ஸ் போமன். செக்ரோபியாங்கற பெரிய அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவுக்குள்ள பாக்டீரியாவை ஊசியில ஏத்தினார். கொஞ்ச நேரத்துல புழுவோட ரத்தத்துக்கே பாக்டீரியாவைக் கொல்ற சக்தி வந்துடுச்சு. காரணமான பெப்டைடுகளோட அமைப்பை 1981-ல அவர் குழு வெளியிட்டது. பேரு செக்ரோபின். அதுல ஒண்ணுக்கு நீளமே 37 அமினோ அமிலம்தான். நேர் மின்னூட்டம் இருக்கறதால பாக்டீரியாவோட சவ்வுல போய் ஒட்டி, ஓட்டை போட்டுடும். அவ்ளோதான், ஆள் காலி!

சரி, இந்த மாதிரி ஆயுதங்களைத் தயாரிக்கச் சொல்ற சுவிட்ச் எது? அதுல ஒண்ணு 1996-ல சிக்குச்சு. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க், ஜூல்ஸ் ஹாஃப்மனோட ஆய்வகம். 'டோல்' மரபணு பழுதான பழ ஈக்களுக்குப் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கினாங்க. பூஞ்சையைக் கொல்ற ட்ரோசோமைசின் பெப்டைடு சரியா உற்பத்தியாகல. ஈக்கள் செத்துப் போச்சு. உடம்பெல்லாம் பூஞ்சை இழை மொளைச்ச ஒரு ஈயோட படம் ரொம்பப் பிரபலம் (சாப்பிடும்போது பார்க்காதீங்க). ஒரு ஃபங்ஷனை கமென்ட் பண்ணிட்டு எங்க உடையுதுன்னு நாம பார்ப்போமே, அதே டெக்னிக்!

2011-ல ஹாஃப்மனுக்கு நோபல். சோதனைகளைச் செஞ்சது நான்தான்னு அந்தக் கட்டுரையோட முதல் ஆசிரியர் ப்ரூனோ லெமேத்ர் தனி இணையதளமே ஆரம்பிச்சார். ஹாஃப்மனா லெமேத்ரான்னு ஊரே பட்டிமன்றம் நடத்துச்சு. எனக்கென்னவோ போமன் ஞாபகம்தான் வந்தது. மனுஷன் 2008-லயே போயிட்டார்.